போர் தண்ணீரில் கலர் மீன்: பழைய தொட்டியை மறுபடி தொடங்கலாமா?

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கம் மஞ்சளும் வாழையும் வைத்திருக்கிறேன். கல்யாணத்துக்கு முன்பு மூன்றடிக் கண்ணாடித் தொட்டியில் கலர் மீன் வளர்த்தேன். மாதம் ஒருமுறை தொட்டியைக் காலி செய்து, கல், ஃபில்டர் எல்லாவற்றையும் கழுவிப் புதுத் தண்ணீர் விடுவேன். நாலைந்து நாளில் மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்து மிதக்கும். வெறுத்துப்போய் விட்டுவிட்டேன். இப்போது மகள் ஆசைப்படுகிறாள். தொட்டி, பூச்சிமருந்து வைக்கும் கொட்டகையில் கிடக்கிறது. வீட்டில் போர் தண்ணீர்தான், சோப்பு நுரைக்காது. மறுபடி தொடங்கலாமா?

பதில்: தாராளமாகத் தொடங்கலாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால், அன்று மீன்கள் செத்ததற்கு அழுக்கு காரணமில்லை. மொத்தமாகக் கழுவியதுதான் காரணம்.

வயலில் யூரியா போட்டால் அது அமோனியாவாகி, மண்ணிலுள்ள பாக்டீரியாவால் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாறுகிறது. தொட்டியில் நடப்பதும் அதே வேலைதான். மீன் செவுள் வழியாக அமோனியாவை வெளிவிடுகிறது. தின்னாமல் விட்ட தீவனம் அழுகியும் அது சேர்கிறது. அமோனியா, நைட்ரைட் இரண்டுமே மீனுக்கு விஷம். நைட்ரேட்டை ஓரளவு தாங்கும். இந்த பாக்டீரியா பெரும்பாலும் ஃபில்டர் பஞ்சிலும் கல்லிலும் ஒட்டியே வாழும். எல்லாவற்றையும் ஒரே நாளில் தேய்த்துக் கழுவினால் அது போய்விடும். மீன் மட்டும் வழக்கம்போல் கழிவு விட்டுக்கொண்டிருக்கும். போர் தண்ணீரின் கார அமில நிலை (pH) 8-ஐ ஒட்டி இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். 7-லிருந்து 8-க்குப் போனாலே அமோனியாவின் விஷப் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகும்.

எனக்குப் பெரிய கவலை அந்தக் கொட்டகைதான். சைபர்மெத்ரின், லாம்ப்டா சைஹலோத்ரின் போன்ற மருந்துகள் மிகச் சிறிய அளவிலேயே மீனைக் கொல்லும். தொட்டிக்குள் மருந்து சிந்தியிருந்தாலோ, ஸ்பிரேயர் கழுவியிருந்தாலோ அதை விட்டுவிட்டுப் புதிதாக வாங்குங்கள். சும்மா தூசி படிந்து கிடந்தது என்றாலும் பழைய கல், பஞ்சு, ஏர் டியூப் எதுவும் வேண்டாம். கண்ணாடியைப் பலமுறை வெறும் தண்ணீரில் கழுவுங்கள். உப்புக்கறைக்கு வினிகர் போதும், சோப்புத்தூள் கூடாது. பிறகு சமதளத்தில் தெர்மகோல் விரித்து, தொட்டியை வைத்துத் தண்ணீர் நிரப்பி இரண்டு நாள் பாருங்கள். கசிந்தால் மேலாகப் பூசிப் பயனில்லை. கண்ணாடியை ஒட்டியிருக்கும் பழைய சிலிகான் பசைமேல் புதுசு ஒட்டாது; முழுக்கச் சுரண்டிவிட்டு, பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத சிலிகான் போட வேண்டும்.

மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரை அடி உயரமென்றால் சுமார் 125 லிட்டர் பிடிக்கும். கல்லும் கண்ணாடியும் சேர்ந்தால் 150 கிலோவைத் தாண்டும்; ஸ்டாண்ட் கெட்டியாக இருக்கட்டும். நேர் வெயில் விழுந்தால் பாசி ஏறும்.

போரிலிருந்து வரும் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவாக இருக்கும். ஒரு நாள் டப்பில் பிடித்து ஏர் பம்ப் ஓட்டிவிட்டு ஊற்றுங்கள். தொட்டி நிரம்பியதும் மீன் வாங்க ஓடாதீர்கள். ஃபில்டரை இரவு பகலாக ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை மீன் தீவனம் மட்டும் போடுங்கள். அது அழுகி அமோனியா உண்டாகி, அதைத் தின்னும் பாக்டீரியா பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாகி நைட்ரேட் தெரிந்தால் தொட்டி தயார். நோயில்லாத தொட்டி வைத்திருப்பவரிடம் ஓடிக்கொண்டிருக்கும் பஞ்சு கொஞ்சம் கிடைத்தால் இந்தக் காலம் நன்றாகக் குறையும். வேகமாகட்டும் என்று யூரியாவை அள்ளிப் போட வேண்டாம், அளவு தப்பினால் அமோனியா எகிறிவிடும். மகள் தினமும் கேட்பாள். அவளையே டெஸ்ட் கிட் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் கடினத் தண்ணீர் ஒரு குறையே இல்லை. கப்பி, மோலி, பிளாட்டி, ஸ்வோர்டு டெயில் ஆகிய குட்டி போடும் மீன்களுக்கு அதுதான் பிடிக்கும். ஓர் ஆணுக்கு இரண்டு பெண் என்ற கணக்கில் முதலில் ஆறு மீன் போதும். மென்மையான தண்ணீர் கேட்கும் டிஸ்கஸ், நியான் டெட்ரா பக்கம் இப்போது போக வேண்டாம். கோல்டு ஃபிஷ் குளிர்நீர் மீன், கழிவும் அதிகம், இவற்றோடு சேர்க்காதீர்கள். 24 முதல் 28 டிகிரி வெப்பம் நல்லது. மார்கழி இரவுகளில் இறங்கினால் தெர்மோஸ்டாட் உள்ள ஹீட்டர் போடுங்கள். சென்னை கொளத்தூர் கலர் மீன் சந்தையிலிருந்தே வந்தாலும் சரி, பின்னால் வாங்கும் மீன்களை இரண்டு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகே சேர்க்க வேண்டும்.

இனி முழுக் கழுவல் கிடையாது. வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள். பஞ்சை அந்த எடுத்த தண்ணீரிலேயே லேசாகப் பிழிந்தால் போதும். மின்சாரம் போனால் ஃபில்டர் பாக்டீரியாவும் மூச்சுத் திணறும் என்பதால் இன்வெர்ட்டரில் இணைத்துவிடுங்கள். மருந்தடித்த கையோடு தொட்டியைத் தொடாதீர்கள். கொசுவிரட்டி லிக்விடும் சைபர்மெத்ரின் வகை மருந்துதான், தொட்டி உள்ள அறையில் வேண்டாம். ஏர் பம்ப் அந்த அறையின் காற்றைத்தான் தண்ணீருக்குள் தள்ளுகிறது.

தொட்டி சுத்தமாகும் என்று சக்கர் மீனைக் கடைக்காரர் கொடுப்பார். வாங்காதீர்கள். அது ஓரடிக்கு மேல் வளரும், கழிவும் நிறைய. சமாளிக்க முடியாமல் பலர் ஏரியில் விட்டு, இப்போது மீனவர் வலையைக் கிழித்துக்கொண்டு, நாட்டு மீன்களுக்குப் போட்டியாக நிற்கிறது. உங்கள் தொட்டி மீன் எதையும் தடப்பள்ளி வாய்க்காலிலோ கிணற்றிலோ விட்டுவிட வேண்டாம். மாற்றிய தண்ணீரை, மருந்தோ உப்போ கலக்காதவரை, வாழைக்கு ஊற்றலாம். அதிலுள்ள நைட்ரேட் வீண்போகாது.