கொலம்பஸுக்குப் பின் கடல் தாண்டிய பயிர்களும் நோய்களும்: கேள்வி பதில்

கேள்வி: சார், மிளகாய் நம்ம ஊர்ப் பயிரே இல்லையாமே?

ஆமாம். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, மரவள்ளி, முந்திரி, கொய்யா எல்லாமே அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் மிளகாயை இந்தியாவின் மேற்குக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். அதுவரை நமக்குக் காரம் என்றால் மிளகு, இஞ்சி, திப்பிலிதான்.

கேள்வி: இங்கிருந்து அங்கே என்ன போனது?

1493இல் கொலம்பஸ் இரண்டாம் முறை 17 கப்பல்களோடு போனபோது குதிரை, மாடு, பன்றி, கரும்பு எல்லாம் கூடவே போயின. பன்றிகள் காட்டில் பெருகி உள்ளூர் மக்களின் தோட்டங்களை நாசமாக்கின. அப்புறம் கரும்புத் தோட்டங்கள் பெருகின. அடிமை வணிகத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேற்றப்பட்டவர்கள் சுமார் 1.25 கோடி. அதில் பெரும்பங்கு இந்தக் கரும்புக்காகத்தான்.

கேள்வி: அண்ணா, எதிர்ப்புச் சக்தி இல்லாததால்தான் அமெரிக்கப் பழங்குடிகள் அழிந்தார்களா?

அது பாதி உண்மை. மெக்சிகோவில் 1520இல் பெரியம்மை பரவியது. படையெடுத்து வந்த ஸ்பானியர்களைத் தலைநகர் டெனோச்டிட்லானைவிட்டுத் துரத்தியடித்தவர், அங்கே ஆண்ட அஸ்டெக் மக்களின் மன்னர் குயிட்லாவாக்; அவர் அதே ஆண்டு அம்மையில் இறந்தார். மறு ஆண்டு ஆகஸ்டில் நகரம் வீழ்ந்தது. அங்கே யாருக்கும் முன்பு அம்மை வந்ததில்லை என்பதால் குழந்தை, பெரியவர் என வீடு முழுக்க ஒரே நேரத்தில் படுத்துவிட்டது. தண்ணீர் கொடுக்கக்கூட ஆளில்லாமல் பட்டினியில் செத்தவர்கள் ஏராளம். பிழைத்தவர்களைச் சுரங்கத்திலும் வயலிலும் கட்டாய வேலைக்கு விரட்டினார்கள். அந்தக் கொடுமையைச் சொல்லாமல் கிருமியை மட்டும் குற்றம் சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

கேள்வி: மக்காச்சோளம் சாப்பிட்டால் நோய் வருமா? பயமாக இருக்கிறது.

பயப்படாதீர்கள் அம்மா, பலவகை உணவோடு சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. நீங்கள் படித்தது பெலக்ரா என்ற சத்துக்குறை நோயைப் பற்றியாக இருக்கும். மெக்சிகோவில் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ஊறவைத்து, பிறகுதான் அரைப்பார்கள். உடம்பு எடுத்துக்கொள்ள முடியாதபடி தானியத்துக்குள் கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்ற வைட்டமின் அப்போதுதான் விடுபடும். ஐரோப்பியர்கள் தானியத்தை எடுத்துப் போனார்கள், அதைப் பக்குவம் செய்யும் முறையை விட்டுவிட்டார்கள். ஸ்பெயினிலும் வட இத்தாலியிலும் மக்காச்சோளத்தை மட்டுமே நம்பிய ஏழைகளுக்குத் தோல் உரிந்தது, வயிற்றுப்போக்கு வந்தது, புத்தி பேதலித்தது. காஸ்பர் காசல் என்ற ஸ்பானிய மருத்துவர் 1735லேயே இதைக் கவனித்து எழுதினார். மருத்துவர்கள் பலர் இதைத் தொற்றுநோய் என்றே நினைத்தார்கள். உணவுக் குறைதான் காரணம் என்று ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவர் அமெரிக்காவில் காட்டியது 1910களில். தானியத்தை வளர்த்தெடுத்த மக்களின் சமையலறையைக் கவனித்திருந்தால் எத்தனையோ உயிர் தப்பியிருக்கும்.

கேள்வி: அயர்லாந்து உருளைக்கிழங்குப் பஞ்சமும் இதே கதையா?

கிட்டத்தட்ட. ஆண்டிஸ் மலை விவசாயிகள் ஒரே வயலில் பல ரகங்களைக் கலந்து நடுவார்கள், ஒன்று போனால் இன்னொன்று நிற்கும். அயர்லாந்து ஏழைகளோ பெரும்பாலும் லம்பர் என்ற ஒரே ரகத்தை நம்பியிருந்தார்கள். கிழங்கை வெட்டி நடுவதால் எல்லாச் செடியும் ஒரே வார்ப்பு. 1845இல் கருகல் நோய் வந்ததும் எதுவும் தாங்கவில்லை. சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். அந்த ஆண்டுகளிலும் அயர்லாந்தின் துறைமுகங்களிலிருந்து தானியமும் கால்நடையும் இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டேதான் இருந்தன.