தங்கம் குறைவான பெட்டிக்கு ஏன் அதிக விலை?

ஒசாகாவில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: கியோட்டோவின் தோஜி கோயிலில் மாதாமாதம் 21ஆம் தேதி கூடும் சந்தையில் இரண்டு கறுப்பு அரக்குப் பெட்டிகளைப் பார்த்தாராம். ஒன்றில் இண்டு இடுக்கு விடாமல் தங்கப் பூவேலை, மற்றதில் நாலைந்து புல் மட்டும். ஆனால் புல் பெட்டிதான் மூன்று மடங்கு விலை. ஏமாற்றா, எதை வாங்கலாம்?

விலையை மட்டும் வைத்து ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. தங்கம் எவ்வளவு என்று பார்த்து இவற்றை எடைபோடாதீர்கள். நிறைத்து இழைப்பதும் வெறுமையாக விடுவதும் ஜப்பானில் பக்கத்துப் பக்கத்திலேயே இருந்த ரசனைகள். 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் போர்ச்சுகீசியருக்காகச் செய்த, ‘நம்பான்’ என்று பெயர் பெற்ற பாணிப் பெட்டிகளில் சிப்பியும் தங்கமும் மூடாத இடமே அரிது. அதே காலத்தில் கியோட்டோவில், ஜப்பானை ஆண்ட தளபதி ஹிதெயோஷியின் மனைவி அவர் நினைவாக 1606இல் கட்டிய கோதாய்ஜி கோயிலின் பெயரால் அறியப்படும் பாணியில், கறுப்பின் மேல் இலையுதிர்காலப் புற்கள் தளர்வாகச் சாய்ந்து நிற்கும். நீங்கள் பார்த்தது அந்த வழியில் வந்ததாக இருக்கலாம். எனக்கு மிகப் பிடித்தவர் ஓவியரும் அரக்குக் கலைஞருமான ஒகாதா கோரின் (1658-1716). டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் அவருடைய எழுதுபொருள் பெட்டியில் பூக்கள் சிப்பி, இலைகள் தங்கம், நடுவில் போகும் பாலமோ வெறும் ஈயத் தகடு! அது இன்று தேசியப் பொக்கிஷம்.

இன்னொரு காரணம் வேலையில் இருக்கிறது. இந்த அரக்கு உருஷி என்ற மரத்தின் பால். அதை மெல்லிய பூச்சாகப் பூசி, ஈரப்பதமான அறையில் இறுகவிட்டு, தேய்த்து, மறுபடி பூசி, கரியால் தேய்த்து, கடைசியில் மெருகேற்றுவார்கள். வெறும் கறுப்புப் பரப்பில் ஒரு தூசியோ மேடோ இருந்தாலும் கண்ணில் பட்டுவிடும், பூவேலை நிறைந்த பெட்டியில் அது மறைந்துபோகும்.

ஆனால் ஒன்று, பாணியை வைத்துக் காலத்தைச் சொல்ல முடியாது, பழைய பாணிகளைப் பின்னால் வந்தவர்கள் திரும்பத் திரும்பச் செய்திருக்கிறார்கள். அதனால் மூடியின் உட்புறத்தையும் அடிப்பகுதியையும் காட்டச் சொல்லுங்கள், அங்கேயும் பூச்சு சுத்தமாக இருக்கிறதா பாருங்கள். பூதக்கண்ணாடியில் தங்கத் துகள்கள் ஒன்றுக்கொன்று அளவிலும் நெருக்கத்திலும் வேறுபட்டால் கையால் தூவியிருக்க வாய்ப்பு அதிகம், ஒரே சீரான புள்ளிகள் என்றால் அச்சாக இருக்கலாம். மூட்டுகளை ஒட்டிய மயிரிழை விரிசல் பெரும்பாலும் உள்ளே மரம் இருப்பதைக் காட்டும், அதற்காகப் பயப்பட வேண்டாம். ஆனால் பூச்சு செதிலாக உரிந்து வந்தால் விட்டுவிடுங்கள், சரிசெய்ய நிறையச் செலவாகும்.

இதெல்லாம் தேறினால் நான் புல் பெட்டியைத்தான் எடுப்பேன். வாங்கிய பிறகு வெயில் படும் ஜன்னலோரம் வைக்காதீர்கள், உருஷிக்கு வெளிச்சம்தான் பெரிய எதிரி, பளபளப்பு போனால் திரும்பாது. ஹீட்டர், ஏசி காற்று நேராகப் படவும் கூடாது. எண்ணெய், ஸ்பிரிட் எதுவும் வேண்டாம், மென்மையான பருத்தித் துணியால் லேசாகத் துடைத்தாலே போதும்.