அந்த மூலையில் இருப்பவர் பேர் என்ன?

கேள்வி:
அன்புள்ள அக்கா, நான் சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளித் தமிழாசிரியை. இந்த வேலைக்கு வந்து 15 வருடமாகிறது. ஆசிரியர் பயிற்சி தரும் தேசியக் கல்விக் கழகத்தில் எனக்குப் பாடம் நடத்திய பேராசிரியர் சென்ற மாதம் காலமாகிவிட்டார். பயிற்சிக் காலத்தில் என் வகுப்பைப் பார்க்க வந்தவரும் அவர்தான். பின்வரிசையில் பிள்ளைகளின் சின்ன நாற்காலியில் பாடம் முடியும்வரை உட்கார்ந்திருப்பார். அப்புறம் கேன்டீனில் கோப்பி வாங்கிக் கொடுத்து மாலை ஐந்தரை வரை பேசுவார். என் பாடக் குறிப்பில் பென்சிலால் எழுதி மறுநாளே திருப்பித் தருவார். ஒருமுறை வகுப்பின் இருக்கைகளை ஒரு தாளில் வரைந்து, வாய் திறந்த பிள்ளைகளுக்கெல்லாம் புள்ளி வைத்திருந்தார். 19 பிள்ளைகளில் முன்னால் இருந்த ஆறு பேருக்குத்தான் புள்ளி. "சன்னலோர மூலையில் இருந்த பையன் பேர் என்ன?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

அவருக்கு நினைவுக் கூட்டம் நடத்துகிறோம். என்னை ஐந்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று வாரமாக எழுதி எழுதிக் கிழிக்கிறேன். எதுவும் அவருக்கு ஈடாக இல்லை. கடைசி இரண்டு வருடம் அவர் உடம்பு முடியாமல் இருந்தபோது போய்ப் பார்க்காத குற்ற உணர்ச்சி வேறு. மகனுக்கு இந்த வருடம் பிஎஸ்எல்இ, தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. போதாததற்குப் பயிற்சி ஆசிரியை ஒருவரை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். அவருடைய பாடக் குறிப்பு பத்து நாளாக என் மேசையில் கிடக்கிறது, புரட்டிப் பார்க்க மனசே வரவில்லை. என் பேராசிரியரைப் பற்றி நான் என்ன பேசுவது?
— வாசகி, பூன் லே

பதில்:
குற்ற உணர்ச்சி வேண்டாம், அவர் உங்களைப் புரிந்துகொண்டிருப்பார் என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். எழுதப்போவதில்லை. ஆசிரியர் இறந்தபிறகு "போய்ப் பார்க்கவில்லையே" என்று வரும் கடிதங்கள் எனக்குப் புதிதல்ல. போயிருக்க வேண்டும், போகவில்லை. அதை இனி யாராலும் மாற்ற முடியாது.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது வேறு. "பத்து நாளாக என் மேசையில் கிடக்கிறது" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதுதான்.

அவர் மறுநாளே திருப்பித் தந்தார் என்று நீங்களே சொல்கிறீர்கள். இந்தப் பெண்ணின் பயிற்சி மொத்தம் எத்தனை வாரம்? அதில் பத்து நாளை உங்கள் மேசை விழுங்கிவிட்டது. அந்தப் பத்து நாளும் அவர் எதை நம்பி வகுப்புக்குள் போயிருப்பார்? நீங்கள் ஒன்றும் சொல்லாததால் பாடம் நன்றாக இருக்கிறது என்று நினைத்திருப்பாரா, இல்லை, படிக்கவே லாயக்கில்லாததை எழுதிவிட்டோமோ என்று ராத்திரி தூங்காமல் கிடந்திருப்பாரா?

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். துறைத் தலைவரின் பேர் இருக்கிறது. கூட்டத்துக்கு மண்டபம் பிடித்தவரின் பேர் இருக்கிறது. பக்கத்து மேசை ஆசிரியையின் பேர்கூட இருக்கிறது. இங்கே அச்சிடும்போது நான்தான் அவற்றை எடுத்துவிட்டேன். உங்களிடம் பயிற்சிக்கு வந்திருப்பவரின் பேர் மட்டும் ஓர் இடத்திலும் இல்லை. "ஒருவர்" என்கிறீர்கள், "தலையில் கட்டியிருக்கிறார்கள்" என்கிறீர்கள். சன்னலோர மூலையில் இப்போது உட்கார்ந்திருப்பது யார் என்று தெரிகிறதா, அம்மா? உங்கள் பேராசிரியர் கேட்ட கேள்வியை நான் திரும்பக் கேட்கிறேன். அவர் பேர் என்ன?

கோபமாக எழுதுகிறேன் என்று தோன்றலாம். கோபம்தான். 1980களின் நடுவில், கல்விக் கழகம் புக்கிட் தீமாவில் இருந்தபோது பயிற்சி பெற்றவள் நான். பயிற்சிக்குப் போன பள்ளியில் எனக்கு வழிகாட்டியாக இருந்த ஆசிரியை கடைசிவரை என் பாடத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாடக் குறிப்பு போகும், கையெழுத்தோடு வரும். ஒருநாள் அதன் நடுப்பக்கத்தைத் தலைகீழாக வைத்துக் கட்டிக் கொடுத்துப் பார்த்தேன். அப்படியே, தலைகீழாகவே, கையெழுத்தோடு வந்தது. அன்றைக்குக் கழிவறைக்குள் நின்று அழுதேன். வேலையை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். என்னை இழுத்துப் பிடித்தவர் வகுப்பைப் பார்க்க வந்த விரிவுரையாளர். அவரும் உங்கள் பேராசிரியரைப் போலச் சின்ன நாற்காலி ரகம்.

டாக்டர் ரூத் வோங்கைப் பற்றிப் படித்திருப்பீர்கள். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு முதல்வராக இருந்தவர், 1973-ல் அது கல்விக் கழகமானபோது அதன் முதல் இயக்குநர். 1982-ல் காலமானார். நான் உள்ளே நுழைந்தபோது அவர் இல்லை, அவர் பேச்சு ஒன்றைக்கூட நான் கேட்டதில்லை. அவரோடு வேலை பார்த்தவர்கள் என் வகுப்பின் பின்னால் வந்து உட்கார்ந்தார்கள். எனக்கு அவரைத் தெரிந்தது அவர்கள் உட்கார்ந்த விதத்தில்தான்.

தமிழாசிரியர் வேலையில் இது இன்னும் பெரிய விஷயம். இங்குள்ள இந்தியர்களில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2010 கணக்கெடுப்பில் நூற்றுக்கு 37 பேர். 2020-ல் அது 27 ஆகிவிட்டது. உங்கள் வகுப்பிலேயே பாருங்கள், நாள் முழுக்க ஏதாவது ஒரு பிள்ளையிடம் தமிழில் பேசும் ஒரே பெரியவர் நீங்களாக இருப்பீர்கள். அப்படி ஒரு வேலைக்குத் தானாக முன்வந்து நிற்கிற இளம்பெண்ணைத் தலையில் கட்டிய சுமை என்று நினைக்க உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

மகனுக்குப் பிஎஸ்எல்இ என்கிறீர்கள். சரி, கஷ்டம்தான். ஆனால் உங்களோடு ஐந்தரை வரை கேன்டீனில் உட்கார்ந்தாரே, அவருக்கும் ஒரு வீடு இருந்தது. அந்த நேரத்தில் அடுப்பையும் கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டு அவர் மனைவி காத்திருந்திருப்பார். உங்களுக்குக் கொடுத்த நேரம் அந்த அம்மாவின் வீட்டிலிருந்து எடுத்துக் கொடுத்த நேரம். பெற்றவர்கள் மாதிரிதான் ஆசிரியரும் என்று நினைப்பவள் நான். அம்மாவுக்குப் பட்ட கடனை அம்மாவிடமே தீர்த்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை. நம் பிள்ளைக்குச் செய்கிறோம், அவ்வளவுதான். உங்கள் பேராசிரியருக்கு நீங்கள் செய்ய வேண்டியதும் அந்தப் பத்து நாள் பழைய தாளுக்குள் இருக்கிறது.

பேச்சு வரவில்லை என்று கிழித்துப் போடுகிறீர்களே, சொல் கிடைக்காததால் அல்ல. அவரைப் பற்றி நல்லதாக ஒரு வரி எழுதும்போதெல்லாம் கண் அந்த மேசைப் பக்கம் போகிறது. கை நின்றுவிடுகிறது. எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

அதனால் பேச்சை இரண்டு நாள் ஒதுக்கி வையுங்கள். இன்று ராத்திரி மகன் படிக்கும் மேசையிலேயே எதிரில் உட்கார்ந்து அந்தப் பாடக் குறிப்பைப் படியுங்கள். பென்சிலால் எழுதுங்கள். நாளைக்கு அந்தப் பெண் பாடம் நடத்தும் வகுப்பின் பின்னால் போய்ச் சின்ன நாற்காலியில் உட்காருங்கள். முட்டி வலிக்கும், பரவாயில்லை. இருக்கைகளை வரைந்து புள்ளி வையுங்கள். பள்ளி முடிந்ததும் கேன்டீனுக்கு அழைத்துப் போங்கள், கோப்பி உங்கள் செலவு. தாமதத்துக்கு மன்னிப்புக் கேளுங்கள். சாக்குச் சொல்லாமல் கேளுங்கள்.

கூட்டத்தில் பேராசிரியர் வகித்த பதவிகளை அடுக்க வேண்டாம், அதற்கு வேறு ஆட்கள் இருப்பார்கள். அந்தப் புள்ளி வைத்த தாளைப் பற்றி மட்டும் சொல்லுங்கள். எத்தனை புள்ளி இருந்தது, எந்த மூலை வெறுமையாக இருந்தது, உங்களுக்குப் பேர் தெரியாமல் போனது, எல்லாவற்றையும். அந்தப் பையனின் பேரை அப்புறம் தெரிந்துகொண்டிருப்பீர்களே, அதையும். ஐந்து நிமிடத்துக்கு அது தாராளம்.

அதற்கு முன்னால் ஒருநாள் பேராசிரியரின் மனைவியைப் போய்ப் பாருங்கள். இரங்கல் செய்தியை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன் என்று சொல்லாதீர்கள். நேரில் போங்கள். முடிந்தால் பயிற்சிக்கு வந்திருக்கும் பெண்ணையும் கூட்டிக்கொண்டு போய், "என்னிடம் பயிற்சிக்கு வந்திருக்கிறார்" என்று பேர் சொல்லி அறிமுகப்படுத்துங்கள். அந்த அம்மா இப்படி எத்தனை பேருக்குச் சோறு போட்டிருப்பார் தெரியுமா? இன்னும் ஒருத்தி வந்தால் சந்தோஷப்படுவார்.

பாடக் குறிப்பைத் திருப்பிக் கேட்க அந்தப் பெண் இத்தனை நாளும் தயங்கிக்கொண்டிருப்பார். நாளைக்கு அவர் வந்து கேட்கும்வரை காத்திருக்காமல், ஆசிரியர் அறையில் அவர் இருக்கும் இடத்துக்கு நீங்களே எழுந்து போங்கள்.