வெளிறிப்போன சிப்பிக்கு ஆசிட் வேண்டாம்

கேள்வி: மூன்று ஆண்டுகளுக்கு முன் ராமேஸ்வரத்தில் சிப்பி, சோழி, சங்கு என்று நிறைய வாங்கி வந்து, ஹாலில் ஜன்னலை ஒட்டிய கண்ணாடி அலமாரியில் அடுக்கினோம். இளஞ்சிவப்பும் ஆரஞ்சுமாக இருந்தவை வெளிறிவிட்டன. பழுப்புக் கோடு போட்டவை மட்டும் அப்படியே இருக்கின்றன. ஆசிட்டில் முக்கி எடுத்தால் பழைய நிறம் வரும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: வேண்டாம். சிப்பி ஓட்டில் 95 சதவீதத்துக்கு மேல் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் அதே பொருள். ஆசிட் பட்டால் நுரைத்துக் கரையும். அழுக்கோடு மேல் அடுக்கும் போவதால் புதுசு போலத் தெரியும், அவ்வளவுதான். நிறம் பெரும்பாலும் அந்த மேல் அடுக்கில்தான் இருக்கிறது. கல்லூரி நாட்களில் நானும் ஒரு மஞ்சள் சோழியை இப்படி முக்கி எடுத்தவன்தான். மஞ்சள் போய், அடியில் இருந்த ஊதாப் படலம் கையில் வந்தது.

இளஞ்சிவப்பு போய்ப் பழுப்பு நின்றதைக் கவனித்திருக்கிறீர்களே, விடை அதில்தான் இருக்கிறது. சிப்பியின் நிறங்கள் எல்லாம் ஒரே பொருளால் ஆனவை அல்ல. கறுப்பு, பழுப்பு பல சிப்பிகளில் மெலனின். நம் தலைமுடியைக் கறுப்பாக்குவதும் அதுதான். லேசில் சிதையாது. மஞ்சள், ஆரஞ்சு பல இனங்களில் கரோட்டினாய்டு, கேரட்டில் இருக்கும் வகை. அதை அந்த உயிர் தானாகச் செய்துகொள்வதில்லை, தீனியிலிருந்து பெறுகிறது. தீனி ஓட்டின் நிறத்தையே மாற்றும் என்பதற்கு அபலோன் என்ற கடல் நத்தை நல்ல உதாரணம். சிவப்புப் பாசி தின்றால் ஓடு சிவக்கும், பழுப்புப் பாசிக்கு மாற்றினால் அதன் பிறகு வளரும் பகுதி பச்சையாக வரும். இன்னொரு வகை போர்ஃபிரின், நம் ரத்தத்தைச் சிவப்பாக்கும் ஹீமுக்கு ஒன்றுவிட்ட சொந்தம். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் சூசன் வில்லியம்ஸ் குழு 2016இல், கிளாங்குலஸ் என்ற சின்ன நத்தைகளின் இளஞ்சிவப்பு ஓட்டில் யூரோபோர்ஃபிரின் இருப்பதைக் காட்டியது. கரோட்டினாய்டு, போர்ஃபிரின் இரண்டுமே வெளிச்சத்தில் சிதைபவை. மூன்று வருட ஜன்னல் வெயில் போதும்.

உட்பக்கத்தின் முத்துப் பளபளப்பு தனிக் கதை. அங்கே சாயமே இல்லை. அரை மைக்ரான் தடிமனுள்ள அரகோனைட் (கால்சியம் கார்பனேட்டின் ஒரு படிக வடிவம்) தகடுகள் செங்கல் போல அடுக்கியிருக்க, ஒளி அவற்றில் பட்டுத் திரும்பும்போது பிறக்கும் நிறம் அது. வெயில் அதை வெளுக்காது. ஆசிட் கெடுத்துவிடும்.

சரி, உயிரோடு இருந்தபோது நிறம் எப்படி ஏறியது? தறியில் சேலை நெய்வதை நினைத்துக்கொள்ளுங்கள். உடலைப் போர்த்தியிருக்கும் சதை மடிப்பின் விளிம்பு, ஓட்டின் வாயோரத்தில் வரி வரியாகச் சுண்ணாம்பை ஊற்றிக்கொண்டே போகிறது. விளிம்பில் ஒரே இடம் தொடர்ந்து சாயம் விட்டால், வளர்ச்சியின் திசையில் ஒரு நீளக்கோடு. மொத்த விளிம்பும் அவ்வப்போது விட்டு நிறுத்தினால், வாய்க்கு இணையாகப் பட்டைகள். சாயம் விடும் இடம் மெல்ல நகர்ந்தால் சாய்கோடு, இரண்டு சாய்கோடுகள் முட்டினால் கூம்புச் சங்கில் பார்க்கும் முக்கோணங்கள். நெய்து முடித்த பகுதிக்கு மறுபடி சாயம் ஏற்ற அந்த உயிராலேயே முடியாது. சோழி போன்ற சில மட்டும் விதிவிலக்கு. சோழியின் சதை மடிப்பு வெளியே ஏறி ஓட்டையே மூடி, மேலே மேலே பூசிக்கொண்டிருக்கும். அந்த வழவழப்பு அதனால்தான்.

இனி உங்கள் அலமாரிக்கு வருவோம். வெளிறிய சிப்பி ஒன்றைத் தண்ணீரில் நனைத்துப் பாருங்கள். நனைந்ததும் நிறம் எழுந்தால் சாயம் உள்ளே இருக்கிறது, மேற்பரப்பு சொரசொரப்பாகி ஒளியைச் சிதறடிக்கிறது என்று அர்த்தம். துடைத்து உலர்த்திவிட்டு, குழந்தைகளுக்குத் தடவும் மினரல் ஆயிலில் ஒரு துளியைத் துணியில் எடுத்துத் தேயுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், சிக்குப் பிடித்துத் தூசியைச் சேர்க்கும். நனைத்தும் நிறம் எழவில்லையா, அந்தச் சாயம் சிதைந்துவிட்டது. திரும்ப வராது.

கடையிலேயே சாயம் போட்டு விற்றிருக்கவும் வாய்ப்புண்டு. நெயில் பாலிஷ் ரிமூவர் தொட்ட பஞ்சால் ஓரத்தில் தேய்த்துப் பாருங்கள். நிறம் பஞ்சில் ஒட்டினால் அது கடைக்காரர் கொடுத்த நிறம்.

ஓட்டின் மேல் உப்புப் பூத்தது போல வெள்ளைத் தூள் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அது வெளிறல் இல்லை. 1899இல் இதை விவரித்த பைன் என்பவரின் பெயரால் பைன் நோய் என்கிறார்கள். உண்மையில் நோயே இல்லை. மரம், பிளைவுட், அட்டைப்பெட்டி ஆகியவற்றிலிருந்து கசியும் அமில ஆவி, ஈரப்பதத்தோடு சேர்ந்து ஓட்டை அரிக்கிறது. கழுவி நன்றாக உலர்த்தி, பிளாஸ்டிக் டப்பாவுக்கோ இரும்பு டிராயருக்கோ மாற்றுங்கள். மிச்சமிருக்கும் இளஞ்சிவப்பு, ஆரஞ்சு சிப்பிகளும் அங்கேயே போகட்டும். ஜன்னலோரத்துக்குப் பழுப்பும் வெள்ளையும் போதும்.

அப்புறம், கள்ளநோட்டு பார்க்கும் ஊதா டார்ச் இருந்தால் இருட்டில் ஒருமுறை அடித்துப் பாருங்கள். சாயம் போடாத சிப்பி சிவப்பாக ஒளிர்ந்தால், அதில் போர்ஃபிரின் இருக்கலாம். ரொம்ப நேரம் அடிக்காதீர்கள், அந்த ஒளியும் அதைச் சிதைக்கும்.