திருடுபோன காருக்கு இழப்பீடு மறுக்கப்பட்டால்...

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த என் கார் ஓர் இரவில் திருடு போனது. மறுநாள் காலையே காவல் நிலையத்தில் புகார் கொடுத்தேன். மனு ரசீது மட்டும் தந்தார்கள். முதல் தகவல் அறிக்கை நான்கு நாள் கழித்தே பதிவானது. தேடி அலைந்த கலக்கத்தில் காப்பீட்டு நிறுவனத்துக்குப் பதினோராம் நாள்தான் தெரிவித்தேன். தாமதத்தையும், இரண்டாவது சாவியை ஒப்படைக்காததையும் காட்டி இழப்பீட்டை மறுத்துவிட்டார்கள். அந்தச் சாவி ஓராண்டுக்கு முன்பே தொலைந்துவிட்டது. இனி வழி உண்டா, ஐயா?

பதில்: உண்டு. தாமதம் என்ற காரணம் உங்கள் விஷயத்தில் நிற்காது என்றே கருதுகிறேன். 2010-இல் திருடுபோன ஒரு டிராக்டர் தொடர்பாக, காவல் துறைக்கு உடனே தெரிவித்துவிட்டு நிறுவனத்துக்கு 52 நாள் கழித்துத் தெரிவித்தவரின் வழக்கில், உண்மையான திருட்டுக்கான இழப்பீட்டை அந்தத் தாமதத்தை மட்டும் காட்டி மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2020 ஜனவரியில் தீர்ப்பளித்தது. ஆகவே, மறுநாள் காலையே நீங்கள் காவல் நிலையத்துக்குச் சென்றதைக் காட்டும் அந்த மனு ரசீதுதான் உங்கள் முதன்மையான சான்று. முதல் தகவல் அறிக்கையின் தேதியை மட்டும் பார்த்து நிறுவனம் வாதிட இடம் தராதீர்கள்.

சாவி விஷயம் சற்றுக் கடினமானது. அது எப்போது, எப்படித் தொலைந்தது என்பதை உள்ளபடியே உறுதிமொழிப் பத்திரமாக எழுதிக் கொடுங்கள். புதிதாக ஒரு சாவி செய்து ஒப்படைக்கலாம் என்று யாரேனும் யோசனை சொன்னால் கேட்க வேண்டாம். அது வெளிப்பட்டால் நியாயமான கோரிக்கையும் மோசடியாகிவிடும். சாவியைப் பேணுவதில் கவனக்குறைவு இருந்ததாகவே முடிவானாலும் முழுத் தொகையும் போய்விடும் என்று அஞ்சத் தேவையில்லை. பாலிசி நிபந்தனை மீறப்பட்ட திருட்டு வழக்குகளிலும் 75 விழுக்காடு வழங்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதுண்டு.

முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்து மூலம் முறையிடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்கத்தக்கதாக இல்லாவிட்டாலோ, சென்னையிலுள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்பளிக்கும் அலுவலர்) ஓராண்டுக்குள் மனுச் செய்யலாம். அங்கே கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. அவர் தரும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும்; உங்களுக்கு நிறைவளிக்காவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்லத் தடையில்லை. ஆனால் ஆணையத்தில் வழக்கு நிலுவையில் இருக்கும்போது ஆம்புட்ஸ்மேன் உங்கள் மனுவை ஏற்கமாட்டார் என்பதால் இந்த வரிசை முக்கியம்.

கடலூரிலேயே உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடர இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. நீங்கள் செலுத்திய பிரீமியத்தின் அடிப்படையிலேயே கட்டணம் கணக்கிடப்படுகிறது. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமே இல்லை. மறுப்புக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருங்கள், ஏனெனில் அதில் சொல்லாத புதிய காரணத்தை நிறுவனம் பின்னர் ஆணையத்தில் கிளப்ப முடியாது.