வெலிங்டன் ஆடும்தான், வாருங்கள்

தம்பி, நியூசிலாந்தின் வெலிங்டனில் வேலை கிடைத்திருக்கிறது, ஆனால் "சென்னையில் ஆடாத தரை அங்கே மட்டும் ஏன் அடிக்கடி ஆடுகிறது, குழந்தையோடு வரலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வரலாம். நான் வந்து பதினாறு வருடமாகிறது.

பூமியின் மேல் ஓடு ஒரே துண்டு இல்லை. ஏழெட்டுப் பெரிய தட்டுகளும் பல சின்னத் தட்டுகளுமாகப் பிளந்து கிடக்கிறது. ஒவ்வொன்றும் தன் போக்கில் நகர்கிறது. சென்னை இந்தியத் தட்டில் விளிம்பைவிட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. அதன் விளிம்புகள் இமயமலைப் பக்கமும் அந்தமான் பக்கமும் இருக்கின்றன. நியூசிலாந்தோ விளிம்பின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. வடக்குத் தீவில் பசிபிக் தட்டு ஆஸ்திரேலியத் தட்டுக்கு அடியில் நுழைகிறது. தெற்குத் தீவின் நடுவில் இரண்டும் உரசிக்கொண்டு போகின்றன. தென்கோடியில் எல்லாம் தலைகீழ், ஆஸ்திரேலியத் தட்டு அடியில் போகிறது. வருடத்துக்கு மூன்று நான்கு சென்டிமீட்டர், நகம் வளரும் வேகம்தான். நகர முடியாமல் மாட்டிக்கொண்ட இடம் திடீரென்று விடும்போது ஆட்டம்.

வெலிங்டனின் பேசின் ரிசர்வ் கிரிக்கெட் மைதானத்தை டிவியில் பார்த்திருப்பீர்களே? அங்கே கப்பல் நிற்கத் துறை வெட்டத் திட்டமிட்டிருந்தார்கள். 1855 நிலநடுக்கம் தரையையே உயர்த்திவிட்டது. கப்பல் போய் கிரிக்கெட் வந்தது.

2016 நவம்பர் 14, நள்ளிரவு தாண்டி இரண்டு நிமிடம். தெற்குத் தீவின் கைகோராவில் 7.8 அளவு நிலநடுக்கம். தூக்கத்தில் எழுந்து, நம் ஊர் வழக்கப்படி வாசலுக்கு ஓடினேன். சாமி அலமாரி மேலிருந்த பித்தளைக் குத்துவிளக்கு என் காலடியில் வந்து விழுந்தது. ஓடக் கூடாது, தம்பி. குனிந்து மேசைக்கு அடியில் போய் அதன் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட இது தெரியும். விளக்கு இப்போது தரையில்தான் எரிகிறது.

வீடு பார்க்கும்போது "மரவீடா?" என்று முகம் சுளிக்காதீர்கள். நானும் சுளித்தேன். மரம் வளைந்து கொடுக்கும். பழைய செங்கல் சுவரும் புகைபோக்கியும்தான் ஆளைக் கொல்லும். அப்புறம், வாடகை வீடுதானே என்று விடாமல் அலமாரிகளைச் சுவரோடு பிணைக்க அனுமதி கேளுங்கள். இதற்கு உரிமையாளர் மறுக்க முடியாதபடி சட்டம் இருக்கிறது.

கடலோரம் வீடு என்றால் ஒரு விஷயம். 2004இல் சுமத்ராவில் கிளம்பிய அலை நாகைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இங்கே சில நிமிடங்களில் வரலாம். ஆட்டம் பலமாக இருந்தாலோ ஒரு நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, சைரனுக்குக் காத்திராமல் மேட்டுக்கு நடந்துவிடுங்கள். எதுவரை என்று பல தெருக்களில் நீலக்கோடு போட்டிருப்பார்கள்.

தண்ணீர் மறக்காதீர்கள்: ஆளுக்கு நாளைக்கு 20 லிட்டர், ஏழு நாளைக்கு. அரிசியை உங்கள் வீட்டம்மா எப்படியும் மூட்டையாகத்தான் வாங்கி வைப்பார்கள்.