பாரிஸில் பத்து நாள்: கிழமை பார்த்துக் கிளம்புங்கள்

பயணம்: கேள்வி – பதில்

கேள்வி: நாங்கள் இருவர், என் மாமனார், மாமியார், 14 வயதிலும் 7 வயதிலும் இரண்டு பிள்ளைகள். ஜூலையில் ஒரு வியாழனன்று பாரிஸில் இறங்கி, அடுத்த வாரம் சனிக்கிழமை திரும்புகிறோம். ரயிலுக்கு வாரப் பாஸ் வாங்கிவிடலாமா?
– வாசகி, கோவை

பதில்: வாங்கலாம், ஆனால் இறங்கிய அன்று வேண்டாம். பாரிஸின் நவிகோ வாரப் பாஸ் நீங்கள் வாங்கிய நாளிலிருந்து ஏழு நாள் ஓடுவதல்ல. திங்கள் காலை தொடங்கி ஞாயிறு இரவோடு முடிந்துவிடும். வியாழனன்று முழு விலை கொடுத்து வாங்கினால் கையில் நிற்பது நான்கே நாள். பலர் ஏமாறுவது இங்கேதான்.

உங்கள் தேதிகளுக்கு இப்படிச் செய்யுங்கள். வியாழன் முதல் ஞாயிறு வரை ஒற்றை டிக்கெட். அதை ஏற்றிக்கொள்ள ஆளுக்கு ஒரு நவிகோ ஈஸி அட்டை, விலை 2 யூரோ, போட்டோ தேவையில்லை. ஒரே அட்டையை இரண்டு பேர் மாற்றி மாற்றித் தட்டி நுழைய முடியாது. மெட்ரோ பயணம் ஒன்றுக்குச் சுமார் இரண்டரை யூரோ. விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வரத் தனி டிக்கெட், 13–14 யூரோ. மெட்ரோ டிக்கெட்டில் பஸ் ஏற முடியாது, பஸ்ஸுக்கு வேறு டிக்கெட்.

அடுத்த வாரத்துக்கான பாஸ் வெள்ளிக்கிழமையிலிருந்தே விற்பனைக்கு வரும். அப்போதே வாங்கி வைத்தால் திங்கள் காலை வரிசையில் நிற்க வேண்டாம். விலை சுமார் 32 யூரோ. வெர்சாய் அரண்மனைக்குப் போகும் ரயில், திரும்பும் நாளின் விமான நிலைய ரயில் எல்லாம் அதில் அடக்கம். விமான நிலையக் கட்டணத்தைக் கழித்தால் மிச்சம் 18 யூரோ. ஏழெட்டுப் பயணத்தில் கணக்கு நேராகிவிடும். பாஸுக்குரிய அட்டை நவிகோ தெகூவேர்த், 5 யூரோ. அதில் பெயர் எழுதி, 2.5 × 3 செ.மீ. போட்டோ ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டாத அட்டையோடு பரிசோதகரிடம் சிக்கினால் அபராதம்தான். நம்மூர் பாஸ்போர்ட் போட்டோ அளவில் பெரியது, ஊரிலேயே வெட்டி எடுத்துப் போங்கள்.

14 வயதுப் பிள்ளைக்குப் பெரியவர்கள் கட்டணம். ஏழு வயதுக்கு வாரப் பாஸில் சலுகை கிடையாது, ஒற்றை டிக்கெட்டோ பாதி விலை. நாளைக்கு நாலு தடவை ஏறி இறங்கினால்தான் அந்தச் சின்னவருக்குப் பாஸ் ஈடாகும். டிக்கெட்டே போதும்.

கேள்வி: லூவர், ஓர்சே, வெர்சாய் மூன்றையும் எந்த வரிசையில் பார்ப்பது?
– வாசகர், சேலம்

பதில்: லூவர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை. ஓர்சே அருங்காட்சியகமும் வெர்சாய் அரண்மனையும் திங்கள் மூடியிருக்கும். அதனால் திங்களன்று லூவரிலும் செவ்வாயன்று மற்ற இரண்டிலும் கூட்டம் பிதுங்கும். இந்த இரண்டு நாட்களையும் நோத்ர தாம் தேவாலயம், படகுச் சவாரி, பூங்காக்கள் என்று செலவிடுங்கள். லூவர் புதன், வெள்ளிகளில் இரவு 9 வரை திறந்திருக்கும்; மாலை நான்குக்கு மேல் நுழைவது நல்லது. ஓர்சே வியாழனன்று 9.45 வரை. வெர்சாய்க்குப் புதன் அல்லது வியாழன் காலை.

ஐரோப்பியர் அல்லாதவர்களுக்கு லூவர் கட்டணம் 2026 ஜனவரியிலிருந்து 32 யூரோ. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மூன்று இடத்திலும் இலவசம். இலவசம் என்றாலும் லூவரில் பிள்ளைகளுக்கும் நேரம் குறித்து இணையத்தில் பதிவு செய்துவிடுங்கள்.

மோனாலிசா இருப்பது தெனோன் பகுதி, 711ஆம் அறை. படம் வெறும் 77 × 53 செ.மீ.; முன்னால் நூறு கைப்பேசிகள் உயர்ந்து நிற்கும். அப்படியே திரும்பி எதிர்ச்சுவரைப் பாருங்கள். வெரோனேசெ வரைந்த கானாவூர்த் திருமணம், கிட்டத்தட்ட பத்து மீட்டர் அகலம். லூவரிலேயே பெரிய ஓவியம் அதுதான், பாதிப் பேர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

வெர்சாய்க்கு ஆர்.இ.ஆர். சி என்ற புறநகர் ரயில் என்று எல்லோரும் சொல்வார்கள். கோடையில் பராமரிப்புப் பணிக்காக நகருக்குள் அந்தத் தடத்தை அடிக்கடி மூடுவார்கள். அப்போது மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து 'என்' ரயிலோ, சேன் லஸார் நிலையத்திலிருந்து 'எல்' ரயிலோ பிடியுங்கள். நவீனக் கலை அருங்காட்சியகமான பொம்பிது மையம் 2025இல் புதுப்பிப்புக்காக மூடப்பட்டுவிட்டது, பழைய கையேட்டை நம்பி அங்கே போய் நிற்காதீர்கள்.

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் வலி. ஐஃபில் கோபுரம் ஏற முடியுமா? மெட்ரோ ஒத்துவருமா?
– வாசகர், மதுரை

பதில்: லிஃப்டில் இரண்டாம் தளம் வரை தாராளமாகப் போகலாம், 116 மீட்டர் உயரம். ஊரை அடையாளம் கண்டு ரசிக்க அந்த உயரமே சரி. உச்சியிலிருந்து எல்லாம் தீப்பெட்டியாகத் தெரியும். சக்கர நாற்காலியில் இருப்பவர்களை உச்சிக்கு விடுவதில்லை. லிஃப்ட் டிக்கெட் 60 நாள் முன்பே இணையத்தில் திறக்கும், ஜூலையில் போவதென்றால் திறக்கும் அன்றே முயலுங்கள். கிடைக்காவிட்டால் படிக்கட்டு டிக்கெட் உண்டு: இரண்டாம் தளத்துக்கு 674 படி. அம்மாவுக்கு ஆகாது.

மெட்ரோவைப் பொறுத்தவரை 14ஆம் தடம் மட்டுமே முழுக்க லிஃப்ட் வசதியோடு உள்ளது. மற்றவற்றில் படிதான் படி. ஷாத்லே நிலையத்தில் தடம் மாறுவது என்றால் ஒரு நடைப்பயிற்சியே முடிந்துவிடும், அங்கே மாறாத வழியைத் தேடுங்கள். அம்மாவோடு போகும்போது பஸ்ஸே மேல். 69ஆம் எண் லூவர் பக்கமாக வந்து கோபுரத்தடி வரை கொண்டுபோய் விடும். லூவரில் சக்கர நாற்காலி இலவசமாகத் தருகிறார்கள், கூச்சப்படாமல் கேளுங்கள்.

கேள்வி: வாடகை வீடு பார்க்கும்போது எதைக் கவனிப்பது?
– வாசகி, சிங்கப்பூர்

பதில்: '2 பியேஸ்' என்றால் இரண்டு படுக்கையறை இல்லை. ஹால் ஒன்று, படுக்கையறை ஒன்று. குடும்பத்தில் ஆறு பேர் என்றால் 4 பியேஸ் தேடுங்கள். தரைத்தளத்துக்கு மேலிருந்துதான் மாடி எண்ணுவார்கள், நம்மூர் போலவே. 'ஸான் அஸான்ஸேர்' என்றிருந்தால் லிஃப்ட் கிடையாது. ஐந்தாம் மாடி என்றால் பெட்டிகளை எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: சைவச் சாப்பாட்டுக்கு என்ன வழி?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் லா ஷப்பேல் பகுதி. இலங்கைத் தமிழர் கடைகள் வரிசையாக இருக்கின்றன: இடியாப்பம், தோசை, மளிகை, கறிவேப்பிலை எல்லாம் உண்டு. ரூ பஜோல் தெருவில் மாணிக்க விநாயகர் ஆலயம். ஆகஸ்ட் கடைசி வாக்கில் தேர் வீதியுலா வரும்.

பிரெஞ்சுக் கடைகளில் வெங்காய சூப்பைச் சைவம் என்று நம்பிவிடாதீர்கள், அடிச்சாறு வழக்கமாக மாட்டிறைச்சியில் எடுத்தது. ரூ தெ ரோஸியேர் தெருவில் ஃபலாஃபல் (கொண்டைக்கடலை வடை) நன்றாக இருக்கும். யூதர் கடைகள் என்பதால் வெள்ளி மாலையிலிருந்து சனி மாலை வரை பெரும்பாலும் பூட்டு. பல உணவகங்களில் மதியம் இரண்டரைக்கு அடுப்பை அணைத்தால் ஏழு மணிக்குத்தான் பற்ற வைப்பார்கள், பிள்ளைகளுக்குக் கையில் ஏதாவது வைத்திருங்கள். தண்ணீருக்குக் 'கராஃப் தோ' என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் ஜாடியில் இலவசமாக வரும். வெறுமனே தண்ணீர் என்றால் பாட்டில் வரும், பில்லும் வரும்.